பேப்பர் பாஸ்... பீஸ் பாஸா?



காங்கேயம் ரோட்டிலோ அவிநாசி ரோட்டிலோ கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். சந்துக்குச் சந்து ஒரு போர்டு தொங்கும். 'ஓவர்லாக், பேட்லாக் டெய்லர் தேவை. கைமடி தேவை. செக்கிங் ஆட்கள் தேவை.' அதைப் பார்த்துவிட்டு உள்ளே போகிற டெய்லரிடம் "சர்டிபிகேட் எங்கே?" என்று எந்த மேனேஜரும் கேட்டு நான் பார்த்ததில்லை. "மெஷின்ல உக்காருங்க. ஒரு பீஸ் அடிச்சுக் காட்டுங்க" என்பார்கள். அதற்குப் பெயர் டிரயல். தையல் விட்டிருக்கிறதா, ஊசி ஓட்டை விழுந்திருக்கிறதா, கழுத்து இழுத்துக்கொண்டு நிற்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். பத்து நிமிஷத்தில் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

ஒரு பனியனுக்கே இந்தப் பாடு! முப்பது பிஞ்சுகளை ஒப்படைக்கப் போகிற ஆசிரியரை, வேலைக்கு எடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு பாடம் நடத்தச் சொல்லிப் பார்க்கிறோமா? இல்லை. ப்ளஸ் டூ மார்க் பார்க்கிறோம். டிப்ளமோ பார்க்கிறோம். 'டெட்' எனும் ஆசிரியர் தகுதித் தேர்வு பார்க்கிறோம். அதற்கு மேல் இன்னொரு போட்டித் தேர்வும் பார்க்கிறோம். எல்லாம் பேப்பர். பீஸை யாரும் பார்ப்பதில்லை!

'உனக்கெதற்கப்பா வாத்தியார் வேலைக் கவலை, நீ படிப்பது டிப்ளமோ தானே' என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. இந்த விவகாரத்தில் எனக்கு நெருக்கமான இரண்டு பேர் மாட்டியிருக்கிறார்கள். ஒருவர் பேப்பர் இருந்தும் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிற்கிறார். இன்னொருவர் பேப்பர் இல்லாமல் இருபது வருஷமாக உள்ளே இருக்கிறார்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். 2009-ல் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. அதன்படி ஆசிரியருக்கு என்ன தகுதி வேண்டும் என்பதை தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்ட் 23-ல் அறிவித்தது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் எடுக்க வேண்டுமானால் டெட் பாஸ் செய்திருக்க வேண்டும். 150 கேள்வி, 150 மார்க், ஒவ்வொன்றுக்கும் நாலு விடை, ஒன்றை டிக் அடிக்க வேண்டும். 60 சதவீதம், அதாவது 90 எடுத்தால் பாஸ். 2014-ல் நம் அரசு இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 82 என்று குறைத்தது.

தமிழ்நாட்டில் முதல் டெட் நடந்தது 2012 ஜூலை 12-ல். அந்த வருஷம்தான் நான் ஒண்ணாங் கிளாஸில் சேர்ந்தேன்! ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். பாஸானவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 2,448. நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. "வாத்தியாருக்கே ஒண்ணும் தெரியலை பாரு" என்று டீக்கடையில் சிரித்தார்களாம். ஆனால் அந்தத் தேர்வுக்குக் கொடுத்த நேரம் ஒன்றரை மணி நேரம்தான். 150 கேள்விக்கு 90 நிமிஷம் என்றால் ஒரு கேள்விக்கு 36 விநாடி! கூச்சல் எழுந்தது. அதே அக்டோபரில் மறுதேர்வு வைத்தார்கள். நேரத்தை மூன்று மணியாக்கினார்கள். பாஸானவர்கள் 19,000 பேரைத் தாண்டிவிட்டார்கள். எழுதியவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள். மூன்று மாதத்தில் இத்தனை பேருக்குத் திடீரென்று ஞானம் பிறந்துவிட்டதா? கடிகார முள்ளை நகர்த்தினால் எட்டு மடங்கு ஆகிற 'தகுதி' எப்படிப்பட்ட தகுதி என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் பெரியம்மா மகள், அக்கா, 2013 ஆகஸ்டில் நடந்த டெட் எழுதிப் பாஸானாள். வீட்டில் பாயசம் வைத்தார்கள். பெரியப்பா பவர்டேபிளில் கூலிக்கு ஓட்டுகிறவர். சிபாரிசும் கிடையாது, கொடுக்கக் காசும் கிடையாது. மார்க் ஒன்றை மட்டும் வைத்து வேலைக்குப் போய்விடலாம் என்று அந்த வீட்டுக்கு முதன்முதலாக நம்பிக்கை கொடுத்தது இந்தத் தேர்வுதான். இதை மறைத்துப் பேசினால் நான் நேர்மையற்றவன். பரீட்சையே வேண்டாம் என்று சொல்கிறவர்கள் அப்புறம் யார் வீட்டுப் பிள்ளைக்கு வேலை போகும் என்பதையும் சொல்லட்டும்.

ஆனால் நடந்ததைக் கேளுங்கள். நியமனத்துக்கு 'வெயிட்டேஜ்' என்று ஒன்றை வைத்தார்கள். ப்ளஸ் டூ மார்க்கையும் டிப்ளமோ மார்க்கையும் டெட் மார்க்கோடு கூட்டினார்கள். அக்காவுக்கு இடம் கிடைக்கவில்லை. 2018-ல் அரசாணை 149 வந்தது. டெட் பாஸானால் மட்டும் போதாது, நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்றது. டெட் சான்றிதழ் ஏழு வருஷம்தான் செல்லும் என்று இருந்ததால் 2020-ல் காலாவதியாகும் பயம் வேறு. 2021-ல் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று மத்திய அரசு அறிவித்தது. அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "சர்டிபிகேட்டுக்கு ஆயுசு கெட்டி. எனக்குத்தான் வயசாகுது." இடைநிலை ஆசிரியர் போட்டித் தேர்வு 2024 ஜூலை 21-ல் நடந்தது. மொத்தம் 2,768 இடம். கைக்குழந்தையை எங்கம்மாவிடம் விட்டுவிட்டுப் போய் எழுதினாள். கிடைக்கவில்லை.

இப்போது அக்கா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். சாயந்தரம் அவள் குடியிருக்கும் லைன் வீட்டு வாசலில் எட்டுப் பத்துக் குழந்தைகள் உட்கார்ந்திருக்கும். ஒருமுறை நான் போனபோது கூட்டல் கணக்கில் 'கை' வைப்பது ஒரு பையனுக்குப் புரியவில்லை. அக்கா பட்டன் டப்பாவைக் கொட்டினாள். பத்து பட்டன் சேர்ந்தால் ஒரு கவரில் போட்டு அடுத்த பக்கம் தள்ளு என்றாள். மூணாவது கணக்கில் அவனே கவரை எடுத்தான். இந்த ஆளை அரசுப் பள்ளிக்கூடம் உள்ளே விடவில்லை. அவளிடம் சான்றிதழ் இல்லாததாலா? சான்றிதழ் கட்டுக்கட்டாக இருக்கிறது!

இனி உள்ளே இருப்பவரைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் படித்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டே டீச்சர்கள், அஞ்சு வகுப்பு. எங்களுக்கு ஒண்ணாவதும் ரெண்டாவதும் எடுத்த டீச்சர் 2004-ல் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர். 2006-ல் முறைப்படுத்தப்பட்டவர். டெட் என்ற பேச்சே இல்லாத காலம் அது.

எங்கள் வகுப்பில் பாதிப் பேருடைய அம்மா அப்பா பனியன் கம்பெனி. பிசிறு வெட்டுகிற வேலை வீட்டுக்கே வரும். வேஸ்ட்டான சைஸ் லேபிள் வீட்டில் சுருள் சுருளாகக் கிடக்கும். ஏ, பி, சி, டி சொல்லத் தெரியாத எங்களுக்கு எஸ், எம், எல், எக்ஸ்எல் தெரியும்! டீச்சர் அதைப் பிடித்துக்கொண்டார். "வீட்ல இருக்கற லேபிளெல்லாம் கொண்டாங்க கண்ணுகளா" என்றார். எங்களுக்கு இங்கிலீஷ் எழுத்து 'எஸ்'-ல்தான் ஆரம்பித்தது. சின்னது, நடு, பெருசு என்று அடுக்கச் சொல்லிக் கணக்கு. எண்ணிப் பத்துப் பத்தாகக் கட்டு கட்டச் சொல்லிக் கணக்கு. எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இது இருக்காது. ஏனென்றால் புத்தகம் எழுதியவர் வீட்டில் லேபிள் சுருள் கிடந்திருக்காது.

நாங்கள் ரெண்டாவது படிக்கும்போது பீகாரிலிருந்து ஒரு பொண்ணு வந்து சேர்ந்தாள். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "தர்த், தர்த்" என்றாள். டீச்சருக்குப் புரியவில்லை. சாயந்தரம் அவள் அப்பாவைப் பார்த்து அர்த்தம் கேட்டு வந்தார். மறுநாள் போர்டில் தமிழில் பத்து இந்தி வார்த்தை எழுதி எங்கள் எல்லோரையும் படிக்கச் சொன்னார். தண்ணீர், சோறு, வலி, வீடு, பயம்... "அவ தமிழ் கத்துக்கற வரைக்கும் நம்ம பத்து வார்த்தை கத்துக்கலாமா?" என்றார். அந்தப் பொண்ணு அஞ்சாவது முடிக்கும்போது எங்கள் வகுப்பில் தமிழ்ப் பாட்டு சத்தமாகப் படிப்பவள் அவள்தான்.

இதற்கு நேர்மாறாகவும் ஒருவரிடம் படித்தேன். மேல் வகுப்பில் ஒரு சார். பெயருக்குப் பின்னால் நாலு பட்டம். வருவார், கைடிலிருந்து விடையைப் போர்டில் எழுதுவார், 'காப்பி பண்ணுங்கடா' என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிடுவார். அவருக்கு எந்தத் தேர்வு வைத்தாலும் முதல் வகுப்பில் பாஸாவார். பாடம் தெரியாமலில்லை. எங்களைத்தான் தெரியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களும், ஓய்வு பெற அஞ்சு வருஷத்துக்கு மேல் பாக்கி இருந்தால், இரண்டு வருஷத்துக்குள் டெட் பாஸ் செய்ய வேண்டும். இல்லையென்றால் வேலையை விட வேண்டும். அஞ்சு வருஷத்துக்குள் ஓய்வு பெறுகிறவர்கள் அப்படியே இருக்கலாம், ஆனால் பதவி உயர்வு கிடையாது. தமிழக அரசு மறுஆய்வு மனுப் போட்டது.

குழந்தையின் உரிமைதான் பெரிது, ஆசிரியரின் வசதி அல்ல என்பது இந்தத் தீர்ப்பின் அடிப்படை. அதை நான் முழுசாக ஒப்புக்கொள்கிறேன். நாலு பட்டம் வாங்கிய அந்த சாரிடம் ஒரு வருஷம் இழந்தவன் நான்! ஆனால் குழந்தைக்காகத்தான் என்றால், குழந்தைக்கு என்ன வந்து சேர்ந்தது என்றல்லவா பார்க்க வேண்டும்?

கார்மெண்ட் டெக்னாலஜி நண்பர்களுக்கு இது பாலபாடம். 2,000 பீஸ் லாட் போகிறதென்றால் பையரின் ஆள் வந்து 125 பீஸை உருவி எடுப்பான். ஏ.கியூ.எல். 2.5 என்றால் பெரிய குறை 7 பீஸ் வரை இருக்கலாம். எட்டாவது வந்தால் லாட் ஃபெயில். அவன் பார்ப்பது பனியனை, டெய்லரின் ஜாதகத்தை அல்ல. அதோடு, நல்ல கம்பெனி எதுவும் கடைசிச் செக்கிங்கை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காது. லைனிலேயே மணிக்கொருதரம் வந்து பார்ப்பார்கள். 'டென்ஷன் லூஸா இருக்கு, ஊசியை மாத்து' என்று அங்கேயே சொல்வார்கள். குவாலிட்டி உண்டாவது லைனில்தான்.

உடனே ஒருவர் எழுந்து, "அப்படியானால் குழந்தைக்குப் பரீட்சை வை, மார்க் குறைந்தால் வாத்தியாரை வெட்டு" என்பார். அதுவும் தப்பு. நூலே முடிச்சு முடிச்சாக வந்தால் டெய்லர் என்ன செய்வார்? காலையில் சாப்பிடாமல் வருகிற பிள்ளை, மூணு மாதத்துக்கு ஒருமுறை வீடு மாறுகிற பிள்ளை, வீட்டில் வேறு பாஷை பேசுகிற பிள்ளை எல்லாம் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். குழந்தை பனியன் அல்ல. நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். தெரிந்த ஒருவர் வகுப்பின் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கட்டும். வேலைக்கு எடுக்கும்போது பார்க்கட்டும், அப்புறமும் அடிக்கடி வந்து பார்க்கட்டும். தப்பு இருந்தால் அங்கேயே சொல்லிக் கொடுக்கட்டும். இன்றைக்கு வருகிற அதிகாரிகள் ரிஜிஸ்டரைப் பார்க்கிறார்கள், செல்போனில் எத்தனை என்ட்ரி போட்டாய் என்று கேட்கிறார்கள். பாடத்தைப் பார்க்கிறவர் அபூர்வம்.

'ஆசிரியர் பயிற்சியிலேயே பாடம் எடுத்துக் காட்டுகிறார்களே?' என்றால், உண்மைதான். எடுக்கிறார்கள், ரெக்கார்டும் எழுதுகிறார்கள். ஆனால் நம் ரெக்கார்டு நோட்டு லட்சணம் நமக்குத் தெரியாதா? இன்பிளான்ட் டிரெய்னிங் போகாமலே சர்டிபிகேட் வாங்கி வந்தவர்கள் இதைப் படிக்கும்போது கொஞ்சம் நெளிவார்கள், நெளியட்டும்! உச்ச நீதிமன்றம் நியமித்த நீதிபதி வர்மா கமிஷன் 2012-ல் அறிக்கை கொடுத்தது. நாட்டில் தனியாக நடக்கும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் பெரும்பாலானவை உருப்படியாகச் சொல்லித்தர முயற்சிகூடச் செய்வதில்லை, காசுக்குப் பட்டம் விற்கின்றன என்று 2020-ன் தேசியக் கல்விக் கொள்கையே அந்தக் கமிஷனைக் காட்டி எழுதுகிறது. பயிற்சியைச் சரி செய்வது கஷ்டம், பரீட்சை வைப்பது சுலபம். அதனால் பரீட்சை வைத்தோம்.

சான்றிதழே இல்லாதவர்கள் சாதித்த கதையும் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்தபின் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. தன்னார்வலர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். தொடக்க வகுப்புக்குச் சொல்லித்தர ப்ளஸ் டூ போதும். எங்கள் வீதியில் ஒரு கைமடி அக்கா கோயில் திண்ணையில் சொல்லிக் கொடுத்தாள். கார்த்திக் முரளிதரன் குழுவினர் நம் மாநிலக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்து ஆராய்ந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் குழந்தைகள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டார்கள், அந்த மீட்சியில் ஏறத்தாழ கால்பங்கு இந்தத் திட்டத்தால் வந்தது என்று கண்டார்கள்.

இதைக் கேட்டதும் அரசாங்கத்துக்குக் குஷி வந்துவிடும். 'அப்போ ஆயிரம் ரூபாயே போதும் போலிருக்கே!' 2022-ல் 13,331 காலியிடங்களுக்குத் தற்காலிக ஆசிரியர் எடுக்கச் சொன்னபோது இடைநிலை ஆசிரியருக்கு நிர்ணயித்த சம்பளம் 7,500 ரூபாய். ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற டெய்லர் இரண்டு வாரத்தில் அந்தக் காசைத் தொட்டுவிடுவார். டெட் பாஸ் வேண்டும், பயிற்சி வேண்டும், ஆனால் சம்பளம் மட்டும் கைமடிக்கும் கீழே! தன்னார்வலர்கள் பள்ளிக்கூடத்துக்குத் துணையாகத்தான் நின்றார்கள், பள்ளிக்கூடமாக அல்ல. சான்றிதழ் மட்டும் தரத்தைத் தராது என்று நான் சொன்னால், சம்பளமும் வேண்டாம் என்று அர்த்தமில்லை.

என் கருத்து இதுதான். உள்ளே வருகிறவருக்கு ஒரு பரீட்சை இருக்கட்டும். பாடமே தெரியாதவர் வரக்கூடாது. ஆனால் அது வாட்ச்மேன் வேலை, கேட்டோடு சரி. வாட்ச்மேன் நல்லவராக இருந்தால் உள்ளே நல்ல துணி தைப்பார்கள் என்று யாராவது சொல்வார்களா? கேட்டைத் தாண்டியபின் டிரயல் வேண்டும், லைன் செக்கிங் வேண்டும். இருபது வருஷம் லைனில் ஓடியவரை மறுபடி கேட்டுக்கு வெளியே நிறுத்தி டிக் அடிக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் வகுப்புக்குப் போய்ப் பாருங்கள். சரியில்லையா, சொல்லிக் கொடுங்கள். அப்புறமும் சரியில்லையா, அனுப்புங்கள். நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

2025 நவம்பர் இரண்டாவது வாரம், பழைய பஸ் ஸ்டாண்டில் என் ஒண்ணாங் கிளாஸ் டீச்சரைப் பார்த்தேன். தோளில் ஒரு துணிப்பை நிறைய வாக்காளர் பட்டியல் திருத்தப் படிவங்கள். வீடு வீடாகப் போய்க் கொடுத்து வாங்கும் வேலை. கையில் தடியாக ஒரு டெட் கைடு. நவம்பர் 15-ல் பரீட்சை.

"ஏங்கண்ணு, நீயா! என்ன படிக்கறே?"

"டிப்ளமோங்க டீச்சர், கடைசி வருஷம்."

"நானும் படிக்கறேன் பாரு, நாப்பத்தேழு வயசுல" என்று கைடைத் தூக்கிக் காட்டினார்.

"ஆயிருமுங்களா டீச்சர்?"

"ஆகாம என்ன. பியாஜே சொன்ன நாலு பருவத்தையும் வரிசையா சொல்லட்டுமா? ரெண்டு வயசு வரைக்கும் மொதப் பருவம். ரெண்டுல இருந்து ஏழு, ரெண்டாவது..." அங்கேயே நிறுத்திவிட்டு வாட்ச்சைப் பார்த்தார். "அந்த ரெண்டாவது பருவத்துல எங்கிட்ட இருபத்தாறு பேரு இருக்குதுங்க. நான் இப்பிடிப் பாரம் தூக்கிட்டுத் திரியறேன். அதுகளை யாரு கண்ணு பாக்கறது?"

பஸ் வந்துவிட்டது. கைடைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஏறினார். சீட் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், ஜன்னல் வழியாகக் குனிந்து கேட்டார்:

"வீட்ல வேஸ்ட் லேபிள் இருந்தா எடுத்து வையி கண்ணு. இப்ப இருக்கறதுகளுக்கு வேணும்."